ஹாட்டு, ஹாட்டோ

நீலக் கரை போட்ட வெள்ளை எனாமல் பெட்பேன் ஒன்று கல்கத்தாவில் எங்கள் டாக்குரியா வீட்டுக் கட்டிலடியில் இருந்தது. அது அத்தைக்காக வாங்கியது. என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். போன மாதம் எனக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்து வீட்டுக்கு வந்து படுத்ததிலிருந்து அந்தப் பெட்பேன்தான் கண்ணில் நிற்கிறது.

எழுபதுகளின் நடுப்பகுதி. கல்யாணமாகி நான் கல்கத்தாவுக்குப் போய்க் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. என் கணவர் துறைமுக ஆபீசில் குமாஸ்தா. மாடியில் நாங்கள் மூன்று பேர், கீழே வீட்டுக்காரம்மா. மழைக்காலத்தில் பாசி பிடித்த படியில் அத்தை வழுக்கி விழுந்து முழங்கால் சில்லு உடைந்துபோனது. முதலில் ஓடி வந்தவள் வீட்டுக்காரம்மாதான். அத்தையின் காலைத் தொட்டுப் பார்த்து "ஹாட்டு, ஹாட்டு" என்று பதறினாள். அத்தனை வலியிலும் அத்தை அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் திருநெல்வேலியில் முழங்காலுக்கு முட்டு என்போம். "அங்க முட்டு, இங்க ஹாட்டு. பாஷை ஒண்ணும் அவ்வளவு தூரமில்லட்டி" என்று ஆஸ்பத்திரியில் வைத்து என்னிடம் சொன்னாள். அவள் கற்ற வங்காளம் அந்த ஒரு வார்த்தைதான்.

ஆபரேஷன் செய்து, கம்பியால் சில்லை இழுத்துக் கட்டி, மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். கட்டைப் பிரித்த அன்று டாக்டர் என் கணவரிடம் தெளிவாகவே சொன்னார்: இனி நடக்க வேண்டும், காலை மடக்கிப் பழக வேண்டும், விட்டால் முட்டு அப்படியே இறுகிவிடும். இறுகினால் என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. குத்தவைத்து உட்காரும் கக்கூஸ்தான் அந்த வீட்டில் இருந்தது. கால் மடங்காவிட்டால் ஆயுசுக்கும் பெட்பேன்தான்; வைப்பதும் எடுப்பதும் நான்தான். ஒவ்வொரு முறையும் அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். எனக்கு அருவருப்பு இல்லை என்றால் பொய். ஆனால் அதைவிட அந்த மூடிய முகத்தைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

அப்படியும் அத்தை எழுந்திருக்க மறுத்தாள். நடந்தால் கம்பி அறுந்துவிடும் என்று பயம். கெஞ்சினால், "டாக்டருக்கென்ன, வலிக்கது எனக்குல்லா" என்பாள்.

ஞாயிறுகளில் மகள் வீட்டுக்குப் போய்விடும் வீட்டுக்காரம்மா, மற்ற நாட்களில் என் கணவர் ஆபீசிலிருந்து வருமுன் ஒருநடை மேலே வந்து பார்ப்பாள். கன்னத்தில் எப்போதும் வெற்றிலை அடக்கியிருக்கும். கட்டிலருகே நின்று கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்வாள். அதில் எங்கள் இருவருக்கும் புரிந்தது "ஹாட்டு" ஒன்றுதான். உடனே அத்தை புடவையை விலக்கி முட்டைக் காட்டி உதட்டைப் பிதுக்குவாள். வீட்டுக்காரம்மா இன்னும் சத்தமாகச் சொல்வாள். அத்தை தைலத்தை எடுத்துத் தேய்த்துக் காட்டுவாள். அந்த அம்மாள் தலையிலடித்துக்கொண்டு இறங்கிப் போவாள்.

"பாத்தியாட்டி, வேத்து மனுசி. தெனமும் வந்து முட்டு முட்டுன்னு தவிக்கா. நீயும் இருக்கியே, நட நடன்னு உயிர வாங்குத" என்று அதற்குப் பிறகு எனக்கு அர்ச்சனை நடக்கும். இந்த அம்மாள் வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிறாளே என்று நான் மனதுக்குள் திட்டிக்கொள்வேன்.

ஒருநாள் லேசான காய்ச்சல் என்று என் கணவர் ஆபீசுக்குப் போகவில்லை. சாயங்காலம் வீட்டுக்காரம்மா வந்தாள். அதே ஹாட்டு, அதே முட்டு தரிசனம். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"எம்மா, அவங்க முட்டப் பத்திச் சொல்லல. நடன்னு சொல்லுதாங்க. ஹாட்டுன்னா முட்டு, ஹாட்டோன்னா நட. வாயில வெத்தல, அதான் ஒனக்கு ரெண்டும் ஒண்ணுபோலக் கேக்கு."

"தெனமும் அதயா சொன்னா?"

"தெனமும் அதத்தான் சொல்லியிருப்பாங்க."

வீட்டுக்காரம்மா வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, "ஹாட்டோ, தீதி, ஹாட்டோ!" என்றாள். அத்தைக்கு முகம் செத்துவிட்டது. தன் கட்சியில் இருந்த ஒரே ஆளும் எதிர்க்கட்சி என்று தெரிந்தால் யாருக்குத்தான் தாங்கும்? "அவ நட நடங்கா, நான் முட்டத் தொறந்து காட்டியிருக்கேன். கிறுக்கின்னுல்லா நெனச்சிருப்பா" என்று, அந்த அம்மாள் போன பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் மாடிப்படியில் வளையல் சத்தம் கேட்டதும் அத்தை என்னை அவசரமாகக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, தோளக் குடு. அவ வாரதுக்குள்ள நிக்கணும்."

வீட்டுக்காரம்மா உள்ளே வந்தபோது, என் தோளை நசுக்கிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு அத்தை நின்றிருந்தாள். அந்த அம்மாள் வந்து மறுகையைப் பிடித்துக்கொண்டாள். மூவருமாக ஜன்னல் வரை போனோம். அதற்குப் பிறகு காலை மடக்கும்போது வலி தாங்காமல் அத்தை அழுத நாட்கள் உண்டு. வீட்டுக்காரம்மாவின் பரம்பரையையே தமிழில் திட்டிய நாட்களும் உண்டு. அவளுக்கு ஒன்றும் புரியாது. சிரித்துக்கொண்டே இன்னொரு முறை மடக்கச் சொல்வாள்.

பூஜைப் பந்தலுக்குத் தெருவில் மூங்கில் கட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு கக்கூஸ் வாசல் வரை வந்தாள். அங்கே தோளை விட்டாள். சுவரைப் பிடித்து உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டாள். நான் கதவில் காதை வைத்தேன். விழுந்துவைத்தால் கதவைத்தான் உடைக்க வேண்டும்.

"வெளிய நிக்கியாட்டி?"

"நிக்கேன் அத்தை."

"போ. போயி அடுப்பப் பாரு."

அடுப்பில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் போய் அதன் முன்னால் நின்று அழுதேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

இப்போதும் கல்கத்தாதான்; பெஹாலாவில் மகன் வீட்டில் இருக்கிறேன். உட்காரக் கமோடு, பிடித்துக்கொள்ளக் கம்பி, எல்லா வசதியும் உண்டு. மருமகள் தங்கமான பெண். "தாழ் போடாதீங்க அத்தை, நான் வெளியதான் நிக்கேன்" என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறாள். சரி என்று தலையாட்டிவிட்டு, உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்கிறேன்.