உமக்கு என்ன விருப்பம்?

"விருப்பமான வேலை செய்யிறவனுக்குப் பசி..." என்று எங்கள் பெரியப்பா ஒரு வசனம் சொல்லுவார். அது ‘பசி தெரியாது’ என்று முடிந்ததா, ‘பசி தீராது’ என்று முடிந்ததா என்பது எனக்கு மறந்துவிட்டது. மருதனார்மடம் சந்தியில், மருந்து விற்கும் ஒரு பாமசியின் மேல்மாடியில், ‘தொழில் வழிகாட்டல்’ என்று பலகை மாட்டிய நாளிலிருந்து இரண்டுமே சரி போலத்தான் படுகிறது.

மற்றவர்களுடைய பிள்ளைகளுக்கு எது பிடிக்கும் என்று கண்டுபிடிப்பது என் தொழில். எனக்கு எது பிடிக்கும் என்பதுதான் முடிவாகவில்லை. லண்டனில் கணக்காளராக இருந்த கந்தோரில் நீண்ட லீவு போட்டுவிட்டு வந்தவன் நான். திரும்பி வருகிறாயா இல்லையா என்று அவர்கள் கேட்டபடியே இருந்தார்கள். பிள்ளை வளர்த்தவர்களுக்கும், பிள்ளையாய் வளர்ந்தவர்களுக்கும் இந்த வழிகாட்டல் தொழிலின் கஷ்டத்தை நான் சொல்லத் தேவையில்லை.

முதல் கேள்வி

முதன்முதல் வந்தவர் அச்சுவேலித் தோட்டக்காரர் ஒருவர். ஏ.எல். சோதனை எழுதிய மகளையும் கூட்டிவந்திருந்தார். நான் சுற்றிவளைக்காமல் பிள்ளையைப் பார்த்து, "உமக்கு ஏதும் விருப்பம் இருக்கோ? பயப்பிடாமல் சொல்லும்" என்றேன். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. தகப்பன் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். ‘விருப்பம்’ என்றால் எங்கள் ஊரில் காதல் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

"படிப்பிலை ஐயா, படிப்பிலை!" என்று பதறினேன். பிள்ளை யன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கியது. தகப்பன் மெல்லத் திரும்பவும் கதிரையில் இருந்தார். "அப்பிடி ஏதும் இருந்தால் எங்களுக்கெல்லோ தம்பி முதல் சொல்லியிருப்பாள்? உம்மட்டைச் சொல்லவோ பஸ் ஏறி வந்தவள்?"

வெளியில்

அதன்பிறகு ‘விருப்பம்’ என்ற சொல்லையே தொடுவதில்லை. ஆங்கிலத்தில் இருந்த ஒரு கேள்விக்கொத்தை, இரண்டு மொழியிலும் படித்தவன் என்ற துணிவில், நானே தமிழாக்கினேன். ‘வெளியில் வேலை செய்யப் பிடிக்குமா?’ என்பது அதில் ஒன்று. கந்தோருக்குள் அடைபடாமல் வெயிலிலும் காற்றிலும் நின்று வேலை செய்வதைத்தான் கேட்டேன். வந்த பெடியள் எல்லாரும் ‘மிகவும் பிடிக்கும்’ என்றார்கள். எனக்கோ சந்தோஷப் புளுகம் தாங்கவில்லை. ஒருவனை இருத்திவைத்து விவசாயம், மீன்வளம், வனத் திணைக்களம் என்று தொண்டை வரளச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு அவன் சொன்னான்:

"சேர், வெளியிலை எண்டு நான் கனடாவையெல்லோ நினைச்சனான்."

சும்மா இருக்கிற மகன்

"மகன் சும்மா இருக்கிறான், ஒரு வழி காட்டுங்கோ" என்று ஓர் அம்மா வந்தார். கூட வந்த மகனுக்கு போன் ஓயவில்லை. கோயில் திருவிழாவுக்கு ஸ்பீக்கர், கலியாண வீட்டுக்கு லைற்; அவருக்குக் கீழே ஆட்கள் வேறு வேலை செய்கிறார்கள். நாதஸ்வரம் இரையாமல் கேட்க ஸ்பீக்கரை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று என் மேசையில் தேத்தண்ணிக் கோப்பைகளை வைத்து விளக்கினார். நான் குடித்து முடிக்காத கோப்பை கொடிமரமானது.

"உங்கடை மகன் தனக்குப் பிடிச்சதைச் செய்து நல்லா உழைக்கிறார் அம்மா" என்றேன். அம்மா பெருமூச்சு விட்டார்.

"உழைக்கிறான்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் தம்பி, வேலையெண்டு ஒண்டு இன்னும் கிடைக்குதில்லையே!"

பக்கத்து மேசை

என்னோடு வேலை செய்பவர் தேவகி அக்கா; ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வந்தவர்கள் படியிறங்கியதும் அவர்கள் கதைத்ததை நான் நடித்துக் காட்டுவேன். அவர் புரைக்கேறச் சிரிப்பார். கடைசித் தடவையாகக் கேட்கிறோம் என்று லண்டனிலிருந்து மெயில் வந்த அன்றும் நான் யாரோ ஒரு தகப்பனாக நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

மெயிலை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அங்கே சம்பளம், பென்சன். இங்கே பாதிப்பேர் நன்றிக்குத் தருவது முருங்கைக்காயும் வாழைப்பொத்தியும். "என்னக்கா செய்யிறது?" என்றேன்.

"எனக்கு உந்தப் பென்சன் கணக்கெல்லாம் விளங்காது தம்பி. ஒண்டு மட்டும் கேக்கிறன். இஞ்சை வாற சனத்தைப் பற்றி நாள் முழுக்கக் கதைக்கிறீர். உந்த லண்டன் வேலையைப் பற்றி இண்டைவரைக்கும் ஒரு கதை சொன்னனீரோ?"

அன்று பின்னேரம், வரவில்லை என்று லண்டனுக்கு எழுதினேன்.