பானு எழுந்திருக்காத மத்தியானம்

அக்தர் பானு எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். மேலப்பாளையத்தில் அவர் வயதுப் பெண்கள் பலரையும் போல மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றினார். கல்யாணமாகி மூன்று பிள்ளைகள் பிறந்த பிறகும் அதே முறம்தான். புகையிலைத் தூள் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் இருமல் விடாது பிடித்தபோதுதான், கங்கைகொண்டான் பக்கம் ஒரு நகைத் தொழிற்கூடத்தில் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுக்கிறார்கள் என்று தெருவில் பேச்சு வந்தது. கணவர் அசன் மைதீன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். "போய்ப் பாரு. புடிக்கலன்னா வந்துரு" என்றார்.

பிடித்துப்போயிற்று. மெழுகில் செய்த மோதிரத்திலும் கம்மலிலும் கடுகைவிடச் சின்ன வைரக் கற்களை ஒவ்வொன்றாகப் பதிக்கும் வேலை. பிறகு மெழுகு உருகி ஓடி, அது இருந்த இடத்தில் தங்கம் வந்து நிற்கும். கல் மட்டும் வைத்த இடத்திலேயே இருக்க வேண்டும். ஒரு இம்மி சாய்ந்திருந்தாலும் சாய்ந்தபடியே தங்கத்தில் உறைந்துவிடும். அதற்குப் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

பானுவின் விரல்களுக்கு அது வந்தது. மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, சாமணத்தால் கல்லைத் தூக்கி, மெழுகில் அழுத்தும்போது எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது வருஷத்திலேயே கல்யாண செட்டுகளை அவர் மேஜைக்குத்தான் அனுப்பினார்கள். பெங்களூரிலிருந்து வந்த ஆட்கள் அவர் பின்னால் நின்று கைபேசியில் படம் எடுத்துப் போனார்கள். வண்ணார்பேட்டையில் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் தான் கல் வைத்த நெக்லஸைப் பார்த்த அன்று, மகள் மர்வாவின் கையைப் பிடித்து நிறுத்தி, "இது நான் செஞ்சது ளா" என்றார். மர்வா நம்பாமல் பார்த்தாள். நெக்லஸின் ஓரத்தில் கல் எப்படி வளைந்து போகிறது என்று காட்டி நம்பவைத்தார்.

அந்த வேலையில் அவருக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். சோதனை.

கல் பதிக்கும் கூடத்துக்குள் பை இல்லாத கோட்டும் ரப்பர் செருப்பும் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். வெளியே எதற்காக வந்தாலும் பக்கத்து அறையில் சோதனை. தலைத்துணியை எடுத்து உதற வேண்டும். கூந்தலை அவிழ்க்க வேண்டும். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். செருப்பைக் கழற்றி உள்ளங்காலைக் காட்ட வேண்டும். கழிப்பறை கூடத்துக்கு வெளியே இருந்ததால், ஒரு தடவை ஒன்றுக்குப் போய்வர இத்தனையும் நடக்கும். பெண்களைச் சோதிப்பவள் டார்லின், பாளையங்கோட்டைக்காரி. நல்லவள்தான். கையை மெதுவாகத்தான் வைப்பாள். "மன்னிச்சிருங்கக்கா" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லுவாள். அப்படியிருந்தும், இன்னொருத்தி தன் கூந்தலுக்குள் விரலை விட்டுத் தேடும்போது பானு சுவரைப் பார்த்துக்கொள்வார்.

அதனால் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். கூடத்திலிருந்த பெண்கள் பலரும் அப்படித்தான். காலையில் வேன் ஏறுவதற்கு முன் டீயைக்கூடப் பாதியில் வைத்துவிடுவார். நாளாவட்டத்தில் அடிவயிற்றில் எரிச்சல் வந்தது. டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்து, "தண்ணி நெறைய குடிங்க, அடக்காதிய" என்றார். பானு தலையாட்டிவிட்டு வந்தார். மாத்திரையைச் சாப்பிட்டார், தண்ணீர் குடிக்கவில்லை. பிறகு இருமினால், தும்மினால் துணி நனைய ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லவில்லை. மடித்த துணி ஒன்றை வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். டார்லினின் கை அதன்மேல் பட்டுவிடக்கூடாதே என்று கூசிப்போய், வெளியே போவதை இன்னும் குறைத்தார்.

அந்த மத்தியானம் ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு கற்களை எடை போட்டுப் பார்த்ததில் ஒரு பெரிய கல் குறைந்தது. ஒரு பதக்கத்தின் நடுவில் வைக்க வேண்டிய கல். மேலாளர் கிங்ஸ்லி கதவைப் பூட்டச் சொன்னார். கோபக்காரர் இல்லை, ஆனால் மேலே பதில் சொல்ல வேண்டியவர். வரிசை வரிசையாக எல்லோரையும் சோதிக்கும்வரை யாரும் இடத்தை விட்டு அசையக்கூடாது என்றார்.

சின்னப் பெண்கள் சிலர் அழ ஆரம்பித்தார்கள். "பானும்மா, நீங்க கொஞ்சம் சொல்லுங்க" என்று கிங்ஸ்லி பானுவைப் பார்த்தார். பானுவும் திரும்பி, "ஏ பிள்ளைகளா, பயப்படாதிய. யாரும் எந்திரிக்காதிய. பைய எல்லாம் முடிஞ்சிரும்" என்றார். மூத்தவர் என்று தன்னிடம் கேட்டதில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

காலையிலிருந்தே அடிவயிறு கனத்துக் கிடந்தது. முதல் வரிசை முடிவதற்குள் வலியாகிவிட்டது. டார்லின் அருகே வந்தபோது குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, நான் ஒரு நிமிஷம் வெளிய போவணும். தாங்க முடியல" என்றார்.

டார்லின் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். முகம் சுண்டியிருந்தது. "கொஞ்சம் பொறுத்துக்கிடச் சொல்லுதாரு அக்கா. ஒருத்தரை விட்டா எல்லாரையும் விடணுமாம்."

பானு காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்தார். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இன்னும் ஒரு தடவை கேட்டிருக்கலாம். சத்தம் போட்டிருக்கலாம். ஆனால் 'எந்திரிக்காதிய' என்று சொன்ன வாயால் எப்படிக் கேட்பது? மூன்றாவது வரிசையில் யாரோ ஒரு தட்டைக் கீழே போட்டார்கள். அந்தச் சத்தத்தில் உடம்பு ஒரு கணம் திடுக்கிட்டது. அவ்வளவுதான்.

முதலில் சூடாக இருந்தது. பிறகு ஏ.சி. காற்றில் குளிர்ந்தது. நாற்காலியின் நீலத் துணி மெத்தை கனத்தது. பானு மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டார். எதிரே ஒன்றும் தெரியவில்லை.

அவர் முறை வந்தது. "எந்திரிங்கக்கா" என்றாள் டார்லின்.

பானு எழுந்திருக்கவில்லை.

"அக்கா?"

"கடைசியா வாரேன்."

"வரிசைப்படிதான்க்கா பாக்கணும்."

இத்தனை பேரில் எழுந்திருக்க மறுத்தவர் அவர் ஒருவர்தான். எல்லோருடைய கண்ணும் ஒருசேரத் தன்மேல் விழுந்ததை அவர் முதுகில் உணர்ந்தார். கிங்ஸ்லி வாசலிலிருந்து வேகமாக வந்தார்.

"என்ன பானும்மா? ஏன் எந்திரிக்க மாட்டேங்கிய?"

"ஒண்ணுமில்ல சார்."

"ஒண்ணுமில்லன்னா எந்திரிங்க. ஒங்ககிட்ட இருந்தா இப்பவே குடுத்துருங்க. நான் பெருசாக்க மாட்டேன்."

அந்த நேரத்தில் பானுவுக்கு ஓடிய எண்ணத்தை அவர் வெகுநாள் யாரிடமும் சொல்லவில்லை. கல்லை நான்தான் எடுத்தேன் என்று சொல்லிவிட்டால் என்ன? திருடி என்று பெயர் வரும். போலீஸ் வரும். ஆனால் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுத்தானே விசாரிப்பார்கள்? இந்த நாற்காலியை யாரும் பார்க்க மாட்டார்கள். திருடி என்ற பெயர் இதைவிடத் தேவலை என்று உண்மையாகவே தோன்றியது. வாயைக்கூடத் திறந்துவிட்டார்.

அதற்குள் பக்கத்து மேஜைப் பெண் 'ச்சீ' என்று காலைத் தூக்கிக்கொண்டாள். தரையில் ஈரம் அவள் செருப்பு வரைக்கும் போயிருந்தது. அவளுக்கு அடுத்தவளும் காலைத் தூக்கினாள். யாரோ களுக்கென்று சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

டார்லினுக்கு அப்போதுதான் புரிந்தது. "சார், நீங்க வெளிய போங்க" என்றாள். கிங்ஸ்லியும் தரையைப் பார்த்துவிட்டார். முகம் சிவந்து திரும்பினார். ஆனால் வாசலில் நின்று, யாரையும் பார்க்காமல், "சோதிக்காம மட்டும் விட்டுராதிய" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

டார்லின் சுடிதாருக்கு மேல் போட்டிருந்த தன் காக்கிச் சட்டையைக் கழற்றிப் பானுவின் இடுப்பில் சுற்றி அழைத்துப்போனாள். சோதனை அறையில் நனைந்த துணியோடு நிறுத்தி, கூந்தலை அவிழ்த்து, நாக்கைத் தூக்கச் சொல்லி, எல்லாவற்றையும் பார்த்தாள். அன்று அவள் 'மன்னிச்சிருங்கக்கா' என்று சொல்லவில்லை. அழுதுகொண்டிருந்தாள். பானு அழவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலத்துக்குள் கல் கிடைத்துவிட்டது. கற்களை மடித்துத் தரும் தாளின் மடிப்பிலேயே ஒட்டிக்கொண்டு, அலுவலக அறையிலேயே இருந்திருக்கிறது. கூடத்துக்குள் அது வரவே இல்லை.

வேனில் பானுவுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. மரியாதைக்காகத்தான் உட்காரவில்லையோ என்னவோ, அவருக்கு அப்படித் தோன்றவில்லை. கொக்கிரகுளம் பாலத்தில் வேன் போகும்போது ஆறு கலங்கலாக நிறைந்து ஓடியது. வீட்டுக்கு வந்ததும் யாரும் பார்ப்பதற்கு முன் துணிகளை அலசிப் போட்டார். டார்லினின் காக்கிச் சட்டையை இரண்டு தடவை சோப்புப் போட்டுத் துவைத்தார். "காச்சலா இருக்கு" என்று கணவரிடம் சொல்லிவிட்டுப் படுத்தார்.

மறுநாள் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தால் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். தொழுகைக்குக் கைகால் கழுவி உளூச் செய்துவிட்டு வந்தாலும் உடம்பில் அந்த வாடை இருப்பதுபோலவே இருந்தது. திரும்பப் போய்க் குளித்தார்.

மர்வாவுக்கு அதே வேனில் போகும் ஒரு தோழி மூலம் தெரிந்துவிட்டது. கல்லூரியிலிருந்து வந்ததும் வராததுமாகக் கதவைச் சாத்திவிட்டு உம்மாவின் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"கேஸ் போடணும்மா. சும்மா விடக்கூடாது."

"போட்டா பேப்பர்காரன் என்னன்னு எழுதுவான்?" என்று கேட்டார் பானு.

மர்வா கட்டிலிலிருந்து எழுந்தாள்.

"வாப்பாட்ட சொல்லிராத" என்றார் பானு.

ஒரு வாரம் கழித்து, லோடு இல்லாமல் அசன் மைதீன் வீட்டிலிருந்த பகலில், கிங்ஸ்லியும் டார்லினும் வந்தார்கள். அசன் மைதீன் நாற்காலி எடுத்துப் போட்டார். மர்வா டீ கொண்டுவந்து வைத்தாள். கல்யாண செட்டு ஒன்று மூன்று தடவை வார்த்தும் கல் நிற்கவில்லை என்றார் கிங்ஸ்லி. பானுவின் மேஜைக்கு வேறு ஆளைப் போட்டுப் பார்த்தும் சரிவரவில்லையாம். பிறகு டீ தம்ளரைப் பார்த்துக்கொண்டே, "அன்னைக்கு நடந்ததுக்கு எனக்கும் வருத்தம்தான் பானும்மா" என்றார்.

"என்னைக்கு? என்ன நடந்துச்சு?" என்றார் அசன் மைதீன்.

டார்லின் தரையைப் பார்த்தாள். சொல்ல வேண்டியது தான்தான் என்று பானுவுக்குத் தெரிந்தது. முந்தானையை வாயருகே இழுத்துக்கொண்டார்.

"கதவப் பூட்டிட்டாவ. ஒண்ணுக்குப் போவணும்னு கேட்டேன், விடல. உக்காந்த எடத்துலயே போயிட்டேன். எல்லாரும் பாத்தாவ."

அசன் மைதீன் மனைவியைப் பார்த்தார். கிங்ஸ்லியைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, "டீ ஆறிப்போச்சு. வைங்க" என்றார். கிங்ஸ்லி பாதி குடித்த தம்ளரைக் கீழே வைத்தார்.

"அவ வருவாளா மாட்டாளான்னு அவகிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டு அசன் மைதீன் எழுந்து வெளியே போய் ஆட்டோவின் மேல் சாய்ந்து நின்றார். இத்தனை நாள் பக்கத்தில் படுத்திருந்தும் தெரியவில்லையே என்று அவருக்கு இருந்தது.

பானுவுக்கு அந்த வேலை வேண்டும். அதுதான் இன்னொரு வெட்கம். இவ்வளவுக்குப் பிறகும், மூன்று தடவை கல் நிற்காத அந்த செட்டை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று விரல் துடித்தது. குனிந்தபடியே சொன்னார். "கூடத்துக்குள்ளயே பொம்பளைகளுக்கு ஒரு கக்கூஸ் கட்டுங்க. சோதன வீட்டுக்குப் போவும்போது ஒரு தடவ போதும். கட்டினதுக்குப் பொறவு சொல்லி விடுங்க. வாரேன்."

"கல்லு தண்ணியோட போயிரும்னு மேல சொல்லுவாவளே பானும்மா."

"வடிகட்டி போடுங்க" என்றாள் டார்லின் சட்டென்று. கிங்ஸ்லி அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையைக் குனியவில்லை.

மேலே போய் வாதாடியது கிங்ஸ்லிதான். அதையும் சொல்ல வேண்டும். மார்கழிக்குள் கட்டிவிட்டார்கள். சின்ன அறை, கழிவு நீர் போகும் குழாயில் கம்பி வலை. பானு திரும்பிப் போன அன்று அவர் இடத்தில் புது நாற்காலி இருந்தது. அந்த மத்தியானம் 'ச்சீ' என்ற பெண் ஓடிவந்து அவர் சாப்பாட்டுப் பையை வாங்கி வைத்தாள். எல்லோரும் அளவுக்கு மீறிப் பிரியமாகப் பேசினார்கள். அது அவருக்கு இன்னும் கூசியது.

கல்யாண செட்டில் கல் நின்றது. கூடத்தில் பெண்கள் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார்கள். அந்தச் சின்ன அறைக்கு யார் முதலில் அந்தப் பெயரை வைத்தார்களோ தெரியாது. 'பானுக்கா ரூம்' என்றே ஆகிவிட்டது. 'பானுக்கா ரூமுக்குப் போயிட்டு வாரேன்' என்று நாளெல்லாம் காதில் விழும். கேலியாகச் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரியும். நன்றியாகக்கூட இருக்கலாம். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் கழுத்து வேர்க்கும்.

தைக்குப் பிறகு பயிற்சிக்கு வந்த அர்ஷியா என்ற பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஒருநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேவிட்டாள். "ஏன்க்கா, அதுக்கு ஏன் ஒங்க பேர வச்சிருக்காவ? நீங்கதான் கட்டிக் குடுத்தியளா?"

வரிசையில் எல்லாச் சாமணங்களும் நின்றன. பானு மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் கேட்டு வாங்குனது" என்றார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அர்ஷியா சரி என்று தலையாட்டிவிட்டுத் தன் தட்டுக்குத் திரும்பினாள். பானு அப்போது அழுத்தின கல் ஓரமாகச் சாய்ந்துவிட்டது. காது மடல் சுட்டது. அதை மெதுவாக நெம்பி எடுத்து, மெழுகைச் சரிசெய்து, மறுபடியும் வைத்தார்.