பத்திரத்தில் விட்டுப்போன எட்டடிப் பாதை

தொண்ணூறுகளின் கடைசியில் கோவில்பட்டியில் ஒரு தனியார் சர்வேயர் ஆபீசில் டிராப்ட்ஸ்மேனாக இருந்தேன். ஒரு தீப்பெட்டி ஆபீஸ் (தொழிற்சாலையை அங்கே அப்படித்தான் சொல்வோம்) முதலாளி, தன் ஆபீசுக்கு முன்னால் மெயின் ரோடு வரை கிடந்த கரிசல் காட்டை வாங்கி, லேஅவுட் போட எங்களிடம் வந்தார். அண்ணாச்சி என்றுதான் அவரைக் கூப்பிடுவோம்.

வெறும் வீட்டு மனையாக வெட்டாமல், தெருமுனைகளில் சின்னக் கடைகள், கடைக்கு மேலே வீடு, நடுவில் பால்வாடி என்று வரைந்தேன். வீடுகளிலிருந்து பின்னாலிருந்த தீப்பெட்டி ஆபீசுக்கு நேராகப் போக எட்டடி அகலத்தில் ஒரு நடைபாதை.

அண்ணாச்சி பிளானைப் பார்த்துவிட்டு, "கடைய உள்ள வச்சா எவம்டே வாங்குவான்?" என்றார்.

"அங்க குடியிருக்கவங்க நடந்து வந்து வாங்குவாங்க அண்ணாச்சி."

"சரி, பொம்பளையாளுக வேலைக்கும் வெரசா வந்துருவாவ. போடு."

சண்முகத்தாய்

பாதை எங்கே தொடங்க வேண்டும் என்று பார்க்க, அந்த ஆபீசில் குச்சி அடைக்கும் சண்முகத்தாயோடு நடந்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும். போலியோவில் இடது கால் சூம்பிப்போய் கம்பு ஊன்றி நடப்பவர்.

"டவுன் பஸ்ல ஏற முடியல சார். படி உசரம். நான் ஏறுத வரைக்கும் நிக்க மாட்டேங்காவ."

பாதை தொடங்கும் இடத்தில் இருந்த மனையையே வாங்கி ஓட்டு வீடு கட்டினார். "இங்கனயிருந்து என் நடைக்கே அஞ்சு நிமிசம்தான் சார்" என்றார். பாதையில் சரள் அடித்திருந்தது. மழையிலும் நடக்கலாம். மூன்று வருடம் நடந்தார்.

ஒரு வரி

லேஅவுட்டில் உள்ள ரோடு, பூங்கா எல்லாவற்றையும் தானப் பத்திரம் எழுதி பஞ்சாயத்துக்குக் கொடுக்க வேண்டும். பத்திரத்துக்கான பட்டியலை நான்தான் தயாரித்தேன். ரோடுகளைத் தெருவாரியாக எழுதினேன். நடைபாதையை விட்டுவிட்டேன். ரோட்டுக் கணக்கிலேயே அதுவும் அடங்கிவிட்டது என்று நினைத்தேன். சரிபார்க்கவில்லை.

"எல்லாம் வந்துட்டாடே?" என்று சர்வேயர் கேட்டார்.

"வந்துட்டு சார்" என்றேன்.

மூன்று வருடம் கழித்து அண்ணாச்சி, தன் பெயரிலேயே இருந்துவிட்ட அந்தப் பாதையையும் பக்கத்து மனைகளோடு சேர்த்து ஒரு குடோன்காரருக்கு விற்றார். காம்பவுண்டு சுவர் எழும்பியது. விஷயம் தெரிந்து ஓடினேன்.

"பத்திரத்துல இல்லாத பாதைக்கு நான் என்ன செய்ய? பட்டியல் எழுதுனது நீதானடே" என்றார் அண்ணாச்சி.

பஞ்சாயத்து ஆபீசிலும் கோப்பை எடுத்து என் கையெழுத்தைத்தான் காட்டினார்கள்.

சுற்றுவழி

பிறகு சண்முகத்தாய் மெயின் ரோட்டைச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. லாரி வந்தால் ஓரத்துக் கரிசலில் இறங்க வேண்டும். ஐப்பசி மழையில் மண் கம்பிலும் காலிலும் அப்பிக்கொண்டது. இரண்டு தடவை விழுந்தார். அந்த மாதமே வேலையை விட்டார்.

ஒரு மாதம் கழித்துப் போய் உண்மையைச் சொன்னேன். வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்து பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"இத்தன நாளும் சுவரு கட்டுனவியளத்தான் வஞ்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். பிறகு, "பத்திரத்துல சேக்கணும்னு ஒரு வார்த்த தெரிஞ்சிருந்தா, நானே பஞ்சாயத்துல போயி நின்னுருப்பேனே சார்."

ஒட்டிய பெட்டியைத் தள்ளி வைத்தார்.

"வேல இங்கனயும் கெடைக்கி. அங்கன நாப்பது பேரு இருந்தோம். கையும் ஓடும், வாயும் ஓடும். இங்கன யாரு கூடப் பேச?"

யார் எந்த வரிசையில் உட்காருவார்கள், யார் பாடுவார்கள் என்று ஒவ்வொருவராகச் சொன்னார். உட்கார்ந்து கேட்டேன். அவருக்காக வேறெதுவும் என்னால் செய்ய முடியவில்லை.

ஓய்வுபெறும் வரை, பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாதையையும் நடந்து பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டேன். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கும் அதையே சொல்கிறேன். பிளானில் கோடு போட்டுவிட்டால் பாதை ஆகிவிடாது. பத்திரத்தில் ஏறினால்தான் அது நடக்கிறவர்களுக்குச் சொந்தம். இதை நான் கற்றுக்கொண்டதால் சண்முகத்தாய்க்கு ஒன்றும் திரும்பக் கிடைக்கவில்லை.