இருபத்தொன்று புள்ளி ஆறு

ஜெபதுரைக்கு ஐம்பத்து நான்கு வயது. கோவில்பட்டியில் எலெக்ட்ரானிக் தராசு விற்கிறவர், பழுதும் பார்க்கிறவர். பருத்திக் கடை, வத்தல் மண்டி, உளுந்து வியாபாரி என்று எல்லோர் தராசின் மேலும் வருடத்துக்கு ஒருமுறை இருபது கிலோ இரும்புக் கல்லைத் தூக்கி வைத்துச் சரிபார்ப்பார். கல்லை வைத்துப் பார்க்காமல் தராசில் ஒளிரும் சிவப்பு எண்ணை நம்புகிறவன் மடையன் என்று முப்பது வருடமாகச் சொல்லிவருகிறார். அந்த ஞானம் கடை வாசலைத் தாண்டியதில்லை.

மூன்று வருடத்துக்கு முன் பழைய டீசல் கார் ஒன்று வாங்கினார். டேங்கின் மிதவை செத்துப்போயிருந்தது. டீசல் முள் எப்போதும் பாதியில் நின்றது. மாற்ற வேண்டுமென்றால் டேங்கை இறக்கவேண்டும். அவர் இறக்கவில்லை. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று மீட்டரிலேயே எண் வருகிறது, ஊற்றிய லிட்டரை அதால் பெருக்கிக்கொண்டால் போயிற்று என்றார். பதினெட்டு காட்டியது. ஏறக்குறைய உண்மைதான்.

பிறகு வண்டிக்கு இழுப்புப் போதவில்லை என்று பைபாஸில் பட்டறை வைத்திருக்கும் லிங்கராஜிடம் போனார். லிங்கராஜ் சோப்புப் பெட்டி அளவில் ஒன்றை இன்ஜினில் மாட்டினான். எதையும் ஒளிக்கவில்லை.

“அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன். வண்டிக் கம்ப்யூட்டர் டீசலை அளக்காது. தான் இவ்வளவு விடச் சொன்னோம்னு அதுவா ஒரு கணக்குப் போட்டுக் காட்டும். இந்தப் பெட்டி நடுவுல உக்காந்துகிட்டு, குழாய்ல அழுத்தம் கம்மியா இருக்குன்னு அதுட்ட பொய் சொல்லும். அது அழுத்தத்தைக் கூட்டும். எண்ணெய் கூடப் போவும். கூடப் போறது அதுக்கே தெரியாது. இனிமே அந்த மைலேஜ் நம்பரை நம்பிராதீய.”

ஜெபதுரை அப்போது ஆக்சிலேட்டரை மிதித்து உறுமலை ரசித்துக்கொண்டிருந்தார்.

ஒரு வாரத்தில் எண் இருபத்தொன்று புள்ளி ஆறுக்கு ஏறியது. அதைப் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டார். மறுநாளும் போட்டார். இழுப்பும் கூடி மைலேஜும் கூடிய உலகத்தின் ஒரே கார் தன்னிடம் இருப்பதில் அவருக்கு ஆச்சரியம்கூட இல்லை. தனக்கு இதெல்லாம் நடக்கவேண்டியதுதான் என்று நினைத்தார்.

பங்கில் டீசல் போடும் ஆனந்தி கேட்டாள். “அண்ணாச்சி, முந்தி வாரத்துக்கு ஒருக்க வருவிய. இப்ப ரெண்டு தடவ வாறிய?”

“ஓட்டம் கூடிட்டும்மா.”

ஓட்டம் கூடவில்லை. கடைக்கும் வீட்டுக்கும் கோயிலுக்கும்தான் போய்வந்தார்.

மனைவி எஸ்தர்ராணி கணக்கு டீச்சர். “டேங்க் நெறையப் போடுங்க. ஓட்டுங்க. திரும்ப நெறையப் போடுங்க. எத்தனை லிட்டர் புடிச்சுதோ அதை வச்சு வகுங்க. நாலாங் கிளாஸ் பிள்ளை போட்டுரும்.”

“ஏட்டி, கம்ப்யூட்டரை விட ஒனக்கு மூளையோ?”

“தராசுக்குக் கல்லு வைக்கீயள்லா? இதுக்கு அதுதான் கல்லு.”

“அது தராசு. இது கார்.”

அந்த வருடம் சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டிக்குத் தேர்தல் வந்தது. ஜெபதுரை செயலர் பதவிக்கு மூன்று முறை நின்று மூன்று முறையும் தோற்றவர். அசனப் பண்டிகையில் ஊருக்கே சோறு போடும்போது, பந்தியின் தலைமாட்டில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு “சாம்பார் இங்கன வரட்டும்” என்று உத்தரவிடும் இடம் செயலருடையது. அது கிடைக்காமலே செத்துப்போவோமோ என்பதுதான் அவருடைய பயம். எதிரில் நின்றவன் கோழித்தீவனக் கடை கிங்ஸ்டன். ஜெபதுரையின் வாக்குறுதி ஒன்றே ஒன்று: சபை வேனுக்கும் இந்தப் பெட்டியை மாட்டி மைலேஜைக் கூட்டுவது.

புதூர்ப் பக்கத்துக் கிளைச் சபையில் அவருக்கு உறுதியான எட்டு ஓட்டு இருந்தது. காரில் நாலு நாலு பேராக இரண்டு நடையில் கூட்டிவருவது, பகல் இரண்டு மணிக்குள் ஓட்டுப் பெட்டியில் சீட்டைப் போட வைப்பது. இரண்டு நடைக்கும் சேர்த்து நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர். டேங்கில் ஏழு லிட்டர் கிடக்கிறது, ஆறு ஊற்றியாயிற்று, பெருக்கினால் இருநூற்று எண்பது. கிடந்த ஏழும் அதே எண்ணைக் கொண்டு அவராகக் கண்டுபிடித்த ஏழுதான்.

முதல் நடை முடிந்தது. இரண்டாவது நடையில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, பன்னிரண்டு மணிக்கு, இரண்டு பக்கமும் மக்காச்சோளம் நிற்க, கார் இருமி இருமி நின்றது.

பின்சீட்டில் இருந்த ஞானப்பூ கேட்டாள். “என்னய்யா, நின்னுட்டு?”

“நிக்காது. இன்னும் நூத்தி முப்பது கிலோமீட்டருக்கு எண்ணெய் இருக்கு.”

“எண்ணெய்க்கு அது தெரியுமா?”

ஜெபதுரை இறங்கி பானெட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். அரை மணி நேரம் கழித்து ஒரு வேன் வந்து நின்றது. கிங்ஸ்டன், தன் ஆட்களோடு. அவன் காரைக் குலுக்கிக் காது வைத்துக் கேட்டான். உள்ளே எதுவும் அலம்பவில்லை.

“வறண்டு கெடக்கு அண்ணாச்சி. இனிமே ஊத்துனாலும் குழாய்ல புகுந்த காத்தை எடுக்காம கெளம்பாது. ஏறுங்க, எல்லாரும் போயிருவோம்.”

“ஏலே, என் வண்டி வறளாது. உள்ள வந்து நம்பரைப் பாரு.”

கிங்ஸ்டன் குனிந்து பார்த்தான். இருபத்தொன்று புள்ளி ஆறு.

“அடேயப்பா,” என்றான், மனசார.

நாலு பேரும் வேனில் ஏறினார்கள். ஜெபதுரை ஏறவில்லை. எதிராளி வண்டியில் வந்து இறங்கினால் சபை என்ன நினைக்கும் என்று, ஓட்டே போடாமல், மக்காச்சோளத்துக்கு நடுவே சாவியைத் திருப்பித் திருப்பி அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழு ஓட்டில் தோற்றார். வேனில் கிங்ஸ்டன் நாலு பேருக்கும் கலரும் முறுக்கும் கொடுத்திருந்தான். “பாதி வழில எறக்கிவிடாம கூட்டிட்டு வந்தாம்லா,” என்று ஞானப்பூ எஸ்தர்ராணியிடம் ஒளிக்காமல் சொன்னாள். அந்த நாலு ஓட்டும் கிங்ஸ்டனுக்கு மாறாமல் இருந்து, தன் ஓட்டையும் அவர் போட்டிருந்தால், இரண்டு ஓட்டில் ஜெயித்திருப்பார். எஸ்தர்ராணி இந்தக் கணக்கையும் போட்டாள்.

அடுத்த மாதம் அசனம். பந்தியின் தலைமாட்டில் கிங்ஸ்டன் கையைப் பின்னால் கட்டி நின்றான். ஜெபதுரை சாம்பார் வாளியோடு வந்ததும் பக்கத்தில் கூப்பிட்டான்.

“அண்ணாச்சி, அந்தப் பெட்டி எங்கன மாட்டுனிய? சபை வேனுக்கும் மாட்டலாம்னு கமிட்டில முடிவு பண்ணியாச்சு. நம்பரை நான் கண்ணால பாத்தம்லா.”

ஜெபதுரை வாளியைக் கீழே வைத்தார். தோற்ற நாளுக்குப் பிறகு முதல் முறையாக முகம் மலர்ந்தது.

“பைபாஸ்ல லிங்கராஜ்னு ஒருத்தன். நானே கூட்டிட்டுப் போறேன். மைலேஜைப் பத்தி அவன் என்னமாவது உளறுவான். காதுல வாங்கிராத.”