மரியம்மாவின் முழங்காலும் றால் ஓடும்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குன்றத்தூர் வீட்டு மாடிப்படியில் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி வந்தார் மரியம்மா. கடைசிப் படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே அழுகை.

"எம்புள்ள வேல போனதுக்கு நான்தான்க்கா காரணம்."

யார் இந்த மரியம்மா என்கிறீர்களா? மாடி ரூமில் குடியிருக்கும் அருளின் அம்மா. தூத்துக்குடிக்காரர்கள். அருளுக்கு இருங்காட்டுக்கோட்டையில் கார் பார்ட்ஸ் கம்பெனி லைனில் கான்ட்ராக்ட் வேலை. அம்மா ஊரில் இறால் - அவர்கள் பேச்சில் றால் - கம்பெனியில் ஓடு உரித்தவர். ஐஸ் தண்ணீரில் கை, ஈரத் தரையில் கால்... நின்று நின்றே முழங்கால் போய்விட்டது.

வைத்தியத்துக்காகப் பிள்ளை இங்கே அழைத்து வந்தான். டாக்டர் ஒரு கேப்சூல் எழுதினார். சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது, பார்ப்போம் என்றாராம். மரியம்மாவுக்குக் கேட்டது - அல்லது கேட்டதாகத் தோன்றியது. சர்ச்சில் முழங்கால் போட்டு ஜெபித்தேன் என்று பூரித்துப்போய் என்னிடம் சொன்னார்.

அடுத்த டப்பா வாங்கப் போன அருளிடம் மெடிக்கல் ஷாப்காரர் கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு எறா துன்னா அரிக்குமாப்பா? இத்த எறா ஓட்லேர்ந்துதான் எடுக்கிறாங்கோ."

உரித்து ஒதுக்கும் ஓட்டிலிருந்து மூட்டுக்கு மருந்து, காயத்தில் ரத்தம் நிற்க மருந்து என்று என்னென்னவோ எடுக்கிறார்களாம். மரியம்மாவின் விரல்களைக் கிழித்த அதே ஓடு!

அருளுக்குப் பெருமை தாங்கவில்லை. "எம்மா, நீ உரிச்சுப்போட்ட றால் ஓடுதாம்மா இது" என்று ஓடி வந்தான். நானும் சிரித்தேன். குப்பை என்று லாரி ஏறிப் போனது லேபிள் ஒட்டிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறதே... மரியம்மா மட்டும் சிரிக்கவில்லை.

பிள்ளைக்கு பெர்மனென்ட் ஆகும்வரை றால் வாயில் வைப்பதில்லை என்று மாதாவுக்கு நேர்ந்திருந்தாராம். றால் என்றால் அவருக்கு உயிர். அதனால்தான் அதை விட்டார்.

மருந்தெல்லாம் நேர்த்தியில் சேராது என்று அருள் கெஞ்சினான். நானும் சொல்லிப் பார்த்தேன். அப்புறம் அவர் கேப்சூலைத் தொடவே இல்லை. வலி திரும்பியது.

அடுத்த வாரமே, ஆர்டர் இல்லை என்று லைனில் பாதிப் பேரை நிறுத்திவிட்டார்கள். அருளும் அதில் ஒருவன்.

ஞாயிற்றுக்கிழமை படியில் அவர் அழுததைக் கேட்டு எனக்குக் கோபமே வந்துவிட்டது. அந்தப் பையன்களின் அம்மாக்கள் எல்லாரும் றால் தின்றார்களா மரியம்மா என்று கேட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அவுக தின்னது எனக்குத் தெரியாதுக்கா. நான் தின்னது தெரியும்லா."

அன்று மாலையே தூத்துக்குடி பஸ் ஏறிவிட்டார்கள். ரூமைக் கூட்டப் போனால், ஜன்னலில் அந்த இரண்டாவது டப்பா - பிரிக்காமல் அப்படியே இருக்கிறது. எடுத்துப் போட எனக்கு மனசு வரவில்லை.

சூப்பர்வைசர், கான்ட்ராக்டர், மேனேஜர்... இந்தப் பையன்கள் வேலை போனதற்கு நான்தான் காரணம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. சொன்னது, படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி வந்த அந்த ஒரு அம்மாதான்.