பச்சை விளக்கு எரியும்போதே அறுந்த நெட்

பிள்ளைகளே, பார்க்காமலே தீர்ப்புச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். ஏன் என்று சொல்கிறேன்.

என் மகளுக்கு ஒரு கம்பெனி லேப்டாப் வழியாகவே நேர்காணல் வைத்தது. பாதியில் மூன்று தடவை நெட் அறுந்தது. "நெட்டைச் சரிசெய்துகொண்டு திங்கட்கிழமை வாருங்கள்" என்றார்கள். அதுதான் கடைசி வாய்ப்பு. கையில் நான்கே நாள்.

நெட் கனெக்‌ஷன் கொடுத்தவர் வந்தார். நெட் பெட்டியில் எரிந்த பச்சை விளக்கைப் பார்த்தார். "லைன் நல்லாத்தான் இருக்குண்ணே. கோளாறு லேப்டாப்புல" என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தேனியில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதைத் திறக்கக்கூட இல்லை. "லினக்ஸா? அப்ப அப்பிடித்தாண்ணே இருக்கும். அழிச்சிட்டு விண்டோஸ் போட்டுருவோம். திராட்சைத் தோட்டத்துக்காரவுகளுக்கு எதுக்கு இந்த வம்பு?"

விண்டோஸுக்குப் பதிலாக லேப்டாப்பை இயக்குகிற அந்த லினக்ஸில்தான் என் மகள் இரண்டு வருடமாக வேலை பழகினாள். அழிப்பாராம்! லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடைப்பட்டி பஸ் ஏறினேன்.

நான் பத்தாவதோடு நின்றவன். லினக்ஸ் தெரியாது. ஆனால் என்றைக்கு எந்த மருந்து அடித்தோம், மழையா, பனியா என்று தோட்டத்துக்கு நோட்டுப் போடுகிறவன். கொடியில் நோய் விழுந்தால் அந்த நோட்டைப் புரட்டித்தான் காரணம் கண்டுபிடிப்போம். அதிலேயே ஒரு புதுப் பக்கம் எடுத்தேன்.

"ஆத்தா, நெட்டு அத்துப்போற நேரத்தையெல்லாம் சொல்லு. அப்ப வீட்டுல என்ன நடந்துச்சுன்னு நான் எழுதுறேன்" என்றேன் மகளிடம்.

லேப்டாப் தானே குறித்து வைத்திருந்த நேரங்களை அவள் வாசித்தாள். இரண்டாம் நாள் சாயங்காலம் நோட்டைப் பார்த்தவள் சிரித்துவிட்டாள்.

"நெட்டை அத்துவிடுற ஆளு நீங்கதாம்ப்பா!"

எங்கள் பக்கம் மோட்டாருக்கென்று சில மணி நேரம் மட்டும் விடுகிற மும்முனைக் கரண்ட் வந்ததும் தோட்டத்து மோட்டார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கும். வோல்டேஜ் ஏறி இறங்கும். அதில் ஒரு டிவி புகைந்துபோன பிறகு, மும்முனை வந்தாலே வீட்டில் இருக்கிற பிளக்கையெல்லாம் பிடுங்கிவிடுவேன். அவள் சார்ஜரையும்தான். நெட் பெட்டிக்கு மட்டும் தனி பேட்டரி உண்டு. அதனால்தான் பச்சை விளக்கு அணையவில்லை. நான் சார்ஜரைப் பிடுங்கிய ஐந்தாறு நிமிடத்தில் ஒவ்வொரு தடவையும் நெட் அறுந்திருந்தது. நேர்காணல் அன்றைக்கும் பாதியில் நான் பிடுங்கிய பிறகுதான் மூன்று தடவையும் அறுந்தது. என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

"சார்ஜர் இல்லேன்னா, பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன்னு இது வைஃபையத் தூங்க வச்சிருது" என்றாள். பேட்டரியில் ஓடினாலும் வைஃபையைத் தொடாதே என்று லேப்டாப் செட்டிங்கில் ஒரு வரியை மாற்றினாள். ஒரே ஒரு வரி! இதற்கா எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னார்? சார்ஜரைக் கழற்றிவிட்டு இரண்டு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தோம். நெட் அறுந்துபோகவில்லை.

திங்கட்கிழமை, பேச்சுக்கு நடுவே மும்முனை வந்தது. என் கை பிளக் அருகே போய்த் தயங்கியது. மகள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் 'பிடுங்குங்க' என்பதுபோல் தலையை ஆட்டினாள். பிடுங்கினேன். முக்கால் மணி நேரம் தங்குதடையில்லாமல் பேசி முடித்தாள். வேலை கிடைத்தது.

கடைக்காரருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்பிடியாண்ணே? எதுக்கும் ஒரு விண்டோஸைப் போட்டு வச்சுக்கங்க" என்றார்.

போனை வைத்துவிட்டேன்.