கான்கிரீட்டைத் துளைக்கிற பெடல்

பாஸ் கிட்டாரின் சத்தத்தை மாற்றக் காலால் மிதிக்கிற பெடல் எதை வாங்கலாம் என்று இப்போதும் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். என்ன மாதிரிப் பாட்டு வாசிப்பாய் என்று திருப்பிக் கேட்பதுதான் முறை. நான் பெடல் தேடி அலைந்தபோது பாட்டைப் பற்றி நினைக்கவே இல்லை. மேல்வீட்டில் என் அக்கா அடி வாங்கிக்கொண்டிருந்தாள். அதை நிறுத்துகிற பெடல் ஒன்று எனக்கு வேண்டியிருந்தது.

திருவொற்றியூரில், கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற சாலையை ஒட்டிய ஹவுசிங் போர்டு பிளாக் எங்களுடையது. இரண்டாவது மாடியில் நான் தனியாக. எனக்கு நேர் மேலே அக்காவும் மாமாவும். மாமா டிரெய்லர் ஓட்டுகிறவர். துறைமுக வாசலில் வண்டி நகராமல் நின்றால் அந்தக் கோபத்தை வீட்டுக்குக் கொண்டுவருவார். நகர்ந்த நாளிலும் கொண்டுவருவார். மனுஷன் அடிக்கிறவன், அவ்வளவுதான். 'வருவார், போவார்' என்று நான் மரியாதையாக எழுதுவது வெறும் பழக்கதோஷம்.

பிளாக்கில் ஒரு வழக்கம் உண்டு. படியில் குப்பை கிடந்தால், தண்ணீர் டாங்க் நிரம்பி வழிந்தால் மொத்தப் பேரும் வெளியே வந்து கத்துவார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் மட்டும் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வார்கள். அக்கா அலறுவாள்; ஒவ்வொரு வீட்டிலும் சீரியல்காரி அதைவிடப் பெரிதாக அழுவாள். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நீ ஏன் மேலே போகவில்லை என்று கேட்பீர்கள். போனேன். மாமா என் சட்டையைப் பிடித்துப் படியில் தள்ளியதில் உதடு கிழிந்தது. மறுநாள் குழாயடியில் அக்காவின் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. "நீ மேல வராதடா. நீ வந்துட்டுப் போனா அதுக்கும் சேத்து எனக்குத்தான் குடுக்கறான். ஸ்டேஷனு கீஷனுன்னு போனியோ, உன் மூஞ்சிலயே முயிக்க மாட்டேன்" என்றாள்.

நான் பாஸ் வாசிக்கிற கானா குழுவில் கிட்டார் வாசிக்கிறவனிடம் ஒரு டிஸ்டார்ஷன் பெடலை இரவல் வாங்கி, ஒரு சாயங்காலம் வீட்டில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே நாற்காலி விழுந்தது. அப்புறம் அக்காவின் குரல். வெறி பிடித்தவன்போல பெடலின் எல்லா நாபையும் கடைசிவரை திருகி, தந்தியை ஓங்கி அறைந்தேன். தகரத்தைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம் ஜன்னல் வழியாகப் பாய்ந்தது. கதவுகள் திறந்தன. "இன்னா கலீஜ் சத்தம்டா இது, மன்சன் வூட்ல குந்த வாணாமா" என்று கருவாடு விற்கிற எதிர்வீட்டு அத்தை கத்தினாள். ஊர் கூடியதும் மாமாவும் மூச்சு வாங்க இறங்கி வந்து, நாலு பேருக்கு முன்னால் பெரிய மனுஷன்போல எனக்குப் புத்தி சொன்னார். அவர் கீழே நின்ற நேரமெல்லாம் அக்காவின் மேல் கை விழவில்லை. எல்லோரிடமும் திட்டு வாங்கிக்கொண்டு நின்ற எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அதன் பிறகு மாமா ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு அடிக்க ஆரம்பித்தார். பெடல் எடுபடவில்லை. "கொசு கத்துற மாரி கீது. அவன் கண்டுக்கவே இல்ல" என்றாள் அக்கா. அவள் சொன்னது சரிதான். கிட்டாருக்காகச் செய்த டிஸ்டார்ஷன், பாஸின் அடிச்சத்தத்தை, அந்தக் கனத்த உறுமலை, அறுத்துப் போட்டுவிடும். அறைக்குள் காது கிழியும், சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இருக்காது. அடுத்து ஒரு ஓவர்டிரைவ் பார்த்தேன். அது ரொம்ப மரியாதைக்காரப் பெடல், கோபம் வந்தாலும் தொண்டையைச் செருமிவிட்டு நின்றுவிடும். கடைசியில் மீஞ்சூரில் ஒருவர் விற்ற பழைய ஃபஸ் பெடல் ஒன்றை வாங்கி வந்தேன். அதில் கூடுதலாக ஒரு நாப். பாஸின் சொந்தச் சத்தத்தை ஃபஸ்ஸோடு கலந்து விடுவதற்கு. அடிச்சத்தம் அறுபடாமல் அப்படியே சுவருக்குள் இறங்கும். அதன் மேல் ஃபஸ் ரம்பம் போடும்.

"இதாண்டா. தரைல வருது, கால்ல ஏறுது. தட்டெல்லாம் ஆடுது. இத்தயே வெச்சிக்கோ" என்றாள் அக்கா, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே. அடி வாங்குகிறவள் நின்று நிதானமாகப் பெடல் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறாள். அந்தக் குழாயடியில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

கொஞ்ச காலம் அது ஓடியது. மேலே கை ஓங்கினால் கீழே நான் பெடலை மிதிப்பேன். மாமா தரையை உதைப்பார். நான் நகம் பிய்ந்து ரத்தம் வர வாசிப்பேன். பிளாக் முழுக்க வந்து என் கதவை இடிக்கும், என் அம்மாவையெல்லாம் இழுத்துத் திட்டும். ஊர் கூடிவிட்டதால் மாமா நிறுத்துவார். எல்லோருக்கும் நான்தான் ரவுடி.

மாமா முட்டாள் இல்லை. ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் கீழே மீட்டர் பெட்டிக்குப் போயிருக்கிறார், என் வீட்டு ஃப்யூஸைப் பிடுங்க. அந்தப் பெட்டியில் எது யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாது. ஆளாளுக்கு ஒயர் இழுத்து முடிச்சுப் போட்டு வைத்திருந்தோம். என்னுடையது அவருக்கும் தெரியவில்லை. இருந்த எல்லாவற்றையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேலே ஏறிவிட்டார். பிறகு அந்தப் பையிலிருந்துதான் எடுத்தோம்.

ஃபேன் நின்றது. பாஸ் சத்தம் வருகிற ஆம்ப் செத்தது. எல்லா வீட்டு டிவியும் ஒரே நொடியில் வாயை மூடின. மேலே ஆரம்பித்தது. பெடலை மிதித்து மிதித்துப் பார்த்தேன், வெறும் தந்திதான் தொளதொளவென்று ஆடியது. அந்த அமைதியில் ஒவ்வோர் அடியும் தனித்தனியாகக் கேட்டது. கன்னத்தில் விழுவது வேறு, முதுகில் விழுவது வேறு என்று தெரிந்தது. "வயித்துல ஒதைக்காத" என்று அக்கா கெஞ்சினாள். ஒருவருக்கும் கூட்டி வைக்க எதுவும் இல்லை.

எதிர்க்கதவு திறந்தது. அத்தை கையில் போன் வெளிச்சத்தோடு, என்னைப் பார்க்காமல் படி ஏறினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர். "கதவ தொற. தொறக்கலன்னா ஒடைச்சிடுவோம்" என்றாள். திறக்கவில்லை. உடைத்தார்கள்.

மாமா அத்தையின் மேலேயே கையை வீசினார். அதற்குமேல் யாரும் பொறுக்கவில்லை. செருப்பாலும் துடைப்பத்தாலும் அவரை மூலையில் தள்ளி மொத்தினார்கள். பாஸைக் கழற்றாமலே ஏறியிருந்த நான் அதைத் தோளிலிருந்து உருவி, கழுத்தைப் பிடித்து இரண்டு கையாலும் ஓங்கினேன். அந்த மண்டை பிளக்க வேண்டும், அவன் சாக வேண்டும் என்று மனசார ஆசைப்பட்டேன்.

அக்கா அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். வாயில் ரத்தம். முந்தானையால் துடைத்துக்கொண்டு, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"கீழ வெய்யிடா. நீ ஜெயிலுக்குப் போய்ட்டா நான் யார் வூட்டுக்கு எறங்கி வருவேன்?"

வைத்தேன். அவள் சுவரைப் பிடித்து எழுந்து, செருப்புகூடப் போடாமல், எனக்கு முன்னால் படி இறங்கினாள்.